தொண்ணூற்றேழு

காரைக்குடி, கழனிவாசல் ரோட்டில் மாடியறை.
மே மாதம். கரண்ட் மூன்று முறை போய் வந்தது.
யுபிஎஸ் கத்திக்கொண்டே இருக்கிறது.
திரையில் மட்டும் பனி.

பனி என்றுகூடச் சொல்ல முடியாது.
நாலே எழுத்துகள், கோடிக்கணக்கில்,
நூற்றுப் பன்னிரண்டு வெள்ளைத் திமிங்கிலங்களின்
தோலிலிருந்து எடுத்தவை.
யாரோ ஒரு வேட்டைக்காரர்
கத்தியைத் துடைத்துவிட்டு
சுண்டுவிரல் நகமளவு துண்டைக் குப்பியில் போட்டிருக்கிறார்.
தேதி, குடாவின் எண், ஆணா பெண்ணா,
குறிப்பு என்றொரு கட்டம், பெரும்பாலும் காலி.
எனக்கு வந்து சேர்ந்தது அவ்வளவுதான்.
கடலையே நான் தொண்டியில்தான் பார்த்திருக்கிறேன்,
அதுவும் முழங்கால் மட்டும்.

என் வேலை பிரிப்பது.
கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே புடைத்த நெற்றி.
கோடை வந்தால்
தாய் போன ஆற்றுமுகத்துக்கே கன்றும் போகும்,
கன்றின் கன்றும் போகும்.
குளிரில், பனி விளிம்பில், சில கலக்கும் என்கிறார்கள்.
எத்தனை என்று யாருக்கும் தெரியாது.

கணக்கெழுதும் சிகப்பி எட்டிப் பார்த்தாள்.
"இதுகளுக்கு எத்தனை கோயில்?"
இரண்டு, மூன்றும் இருக்கலாம் என்றேன்.
"எங்களுக்கு ஒம்பது. ஒரே கோயில்ல பொண்ணெடுக்க மாட்டோம்."
இவை எடுக்கும்.
"அப்ப முறை தெரியாததுக."

எதற்குப் பிரிக்கணும் என்றாள்.
ஒரே பேரேட்டில் எழுதினால்
பெரிய கூட்டத்தின் இருப்பு
சின்னதின் நட்டத்தை மூடிவிடும்.
நானூறு பிடிக்கலாம் என்று உத்தரவு வரும்.
ஒரு சின்ன ஆற்றுமுகம் சத்தமில்லாமல் காலியாகும்,
ஐந்தொகை மட்டும் சரியாக இருக்கும்.
அது அவளுக்கு உடனே புரிந்தது.

இரவு பத்தரைக்குப் படம் விழுந்தது.
ஒவ்வொரு திமிங்கிலமும் ஒரு புள்ளி.
இடப்பக்கம் ஈ மொய்த்ததுபோல் ஒரு கூட்டம்,
வலப்பக்கம் கீழே இன்னொன்று, இருபத்தொரு புள்ளி.
நடுவே, ஒருவருமில்லாத வெள்ளையில்,
தொண்ணூற்றேழு.

குப்பி மாறியிருக்கலாம். மை அழிந்திருக்கலாம்.
திரும்ப ஓட்டினேன். அங்கேயே நின்றது.
தாய் சின்னக் கூட்டம், தகப்பன் பெரியது,
பிடிபட்டதோ இரண்டுக்கும் சேராத குடாவில்.

மென்பொருள் மரியாதையாகக் கேட்டது:
விலகி நிற்பதை நீக்கிவிடலாமா?

சிகப்பி பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.
"எங்க அண்ணன் ஆரோக்கியமேரியைக் கட்டிக்கிட்டு
தேவகோட்டையிலதான் இருக்கான்.
கோயில்ல புள்ளி கெடையாது.
வரி வாங்க ஒருத்தரும் அவன் வீட்டுக்குப் போறதில்ல.
நேத்துக்கூடப் பேசினான், மோட்டார் ரிப்பேர்னு."
அதற்குமேல் சொல்லவில்லை.
குனிந்து செருப்பைத் தேடினாள்.

வேண்டாம் என்பதை அழுத்தினேன்.
அவள் சொன்னதற்காக அல்ல.
நீக்கினால் படம் ரொம்ப அழகாக இருக்கும்,
அந்த அழகில்தான் எனக்குச் சந்தேகம்.

அடிக்குறிப்பு எழுதக் கோப்பைத் திறந்தபோது
காலியாக இருக்கும் என்று நினைத்த கட்டத்தில்
அந்த வேட்டைக்காரர் ஒரு சொல் எழுதியிருந்தார்:
சினை.

எந்த ஆற்றுமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தாளோ.
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.