ஏழு விநாடி

மேல்முறையீட்டுக்கு முன்னூறு எழுத்து தருகிறார்கள்,
இடைவெளியும் சேர்த்து.
ஆகவே முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்,
எடைச்சீட்டுக் கட்டின் பின்பக்கத்தில்.

ஐயா, அல்லது அம்மா, அல்லது
இதைப் படிக்கப்போகும் கணினியே,
பதினொரு ஆட்டங்களில் வெளியுதவி பெற்றேன் என்று
என் கணக்கை மூடியிருக்கிறீர்கள்.
காரணம், சும்மா ஒரு சிப்பாயைத் தள்ளவும் ஏழு விநாடி,
ராணியை வெட்டுக் கொடுக்கவும் அதே ஏழு.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில்
எனக்கு ராத்திரி வேலை. எடைமேடை.
ஸ்டேப்ளரில் சாய்த்துவைத்த போன்,
ஜன்னலில் மணலி ஆலையின் தீ.
லாரி ஏறியதும் சிவப்பு எண் நடுங்கும்,
இருபத்தாறாயிரத்து நானூறு, முன்னூற்றெண்பது, நானூற்றிருபது,
பிறகு நிற்கும்.
நிற்பதற்கு ஏழு விநாடி.
ஒன்பது வருஷமாக எண் நிற்காமல்
நான் எதிலும் கை வைத்ததில்லை,
சீட்டிலும் சரி, குதிரையிலும் சரி, சூடான டீயிலும் சரி.

உங்களைக் குறை சொல்லவில்லை.
முப்பது லோடு முப்பதும் ஒரே எடை காட்டினால்
நானும் டார்ச்சோடு இறங்கிப் போவேன்.
டேங்கில் தண்ணீர் நிரப்பி ஓர் எடை,
அதை ரோட்டில் திறந்துவிட்டு ஓர் எடை.
தார்ப்பாய்க்குள் படுத்திருந்த கிளீனர் ஒருவன்
ஐம்பத்தெட்டு கிலோ, பழைய இரும்பு விலைக்குப் போக இருந்தவன்,
என் கையால் பிழைத்தான்.

ஆனால் நேதாஜி நகர் கேரம் கிளப்பில்
போங்கு என்று கத்தினால்
கத்தியவனுக்கு ஒரு முகம் இருக்கும்.
தேசிங்கு ஒருமுறை என் சட்டையைப் பிடித்தான்,
பவுடர் கையோடு. காலரில் ஐந்து வெள்ளை விரல்.
நான் அவன் அம்மாவை இழுத்தேன், அவன் என் பரம்பரையை.
கால்மணி நேரத்தில் ஒரு டீ, பாதி பாதி.
அந்த ரெட் யாருக்கு என்பது இன்றுவரை தீரவில்லை.
நீங்களோ 'அன்புள்ள உறுப்பினரே' என்கிறீர்கள்.
யார் சட்டையைப் பிடிப்பேன் நான்?

மெயில் ரெஜினா போனுக்குத்தான் வந்தது.
சங்கராவுக்குச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டாள்,
"பண்ணியா?"
"இல்ல" என்றேன்.
ஏழு விநாடி ஆகவில்லை.
நிமிர்ந்து பார்த்தாள். பிறகு
அடுத்த மீனை எடுத்தாள்.

அந்தப் பதினொன்றும் என்னுடையவை.
புயல் ராத்திரி, லாரி இல்லை, தெருவில் கரண்ட் இல்லை,
இன்வெர்ட்டரில் எண் மட்டும் பூஜ்யமாய் எரிந்தது.
குதிரையைக் கொடுத்து, யானையைக் கொடுத்து,
ஒரு சிப்பாயைக் கைப்பிடித்துக்
கடைசிக் கட்டம்வரை கூட்டிப்போனேன்.
வண்டி வராத மேடையிலும்
உள்ளுக்குள் ஏதோ நடுங்கி நின்ற பிறகுதான்
ஒவ்வொரு முறையும் தொட்டேன்.
அப்படியோர் ஆட்டம் இனி எனக்கு வராது.
உங்கள் பட்டியலில் அது நான்காவது.

பட்டியலில் இல்லாதது ஒன்று உண்டு.
மார்ச் மாதம், ஞாயிறு விடிகாலை.
எதிரே நீலச் சிலுவைக் கொடி, பெயர் பனிக்கரடி64.
உன் ஊரில் மணி என்ன என்று கேட்டான்.
நாலு என்றேன். தூங்கலையா என்றான்.
யானைகள் மட்டும் மிஞ்சிய ஆட்டம், தோற்றுக்கொண்டிருந்தேன்.
ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே காய்களை அடுக்கிக் கேட்டேன்.
ஒரே ஒரு நகர்வு. அது சொன்னது, நான் வைத்தேன்.
வைப்பதற்கு நாற்பது விநாடி எடுத்துக்கொண்டேன்,
மனுஷன் யோசிக்கிற மாதிரி.
அருமை என்று எழுதிவிட்டுப் போனான்.

இப்போது பெட்டியில் இருப்பது இவ்வளவுதான்:
பதினொன்றும் சுத்தம்.
மார்ச்சில் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள்.
அனுப்பு என்ற சொல்லுக்கு மேல் என் விரல்.

ஹாரன்.
கஜபதியின் காலி வண்டி,
பின்சக்கரம் ஒன்று மேடைக்கு அரையடி வெளியே.
கண்ணாடியைத் தட்டி விரலை ஆட்டினேன்.
மாட்டிக்கொண்டவன் சிரித்தான்,
பல்லெல்லாம் தெரிய,
பாரம் இறங்கினாற்போல,
ரிவர்ஸ் எடுத்தான்.