எழுத்துப்பிழை இல்லை

பர்மா ரோட்டில் ஆலயச் சுவர்.
விடிந்தபோது சிவப்புச் சாயத்தில்
"இங்கே வெறுப்பு விற்கப்படும்."
எழுத்துப்பிழை இல்லை.
நம் ஓய்வுநாள் பள்ளியில் படித்த கையோ?

போலீஸ் வேண்டாம் என்றார் போதகர்.
செயலாளர் கேமரா கேட்டார்.
நான் தின்னர் வாங்கப் போனேன்.
"என்ன செய்தீங்க?" மலாயில் கேட்டார் கடைக்காரர் லிம்.
"கல்யாணம் பற்றி ஒரு பிரசங்கம்."
சில்லறையை எண்ணித் தந்தார்.

தேய்த்தேன்.
பிரசங்கம் சரிதான், இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.
ஆனால் அந்த ஒரு சொல்
காரைக்குள் இறங்கிவிட்டது.

மூன்று கிறிஸ்மஸாய் வராத
அக்கா மகன் கிளாட்வின்
செருப்பு மாட்டிக்கொண்டே
இதைத்தான் சொல்லிவிட்டுப் போனான்,
சத்தம் போடாமல்.

தின்னர் நாறும் விரலால்
அவன் எண்ணை அழுத்தினேன்.
நெடுநேரம் அடித்தது.
"மாமா?"
"சாப்பிட்டியாடா" என்றேன்.
அதற்குமேல் வரவில்லை.