பாகா

மூன்றாம் நாள், பினாங்கு பெரியாஸ்பத்திரியில்
தாதி ஓர் அட்டையை நீட்டினாள்.
ஜி-சிக்ஸ்-பீ-டி, குறைவு.
அந்துருண்டை கூடாது, கச்சாங் பாராங் கூடாது,
எந்த மருந்துக்கு முன்னாலும் இதைக் காட்டு.
ஏன் வந்தது என்று கேட்டேன்.
"பாகா, எஞ்சே" என்று சொல்லி
அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

பாகா.
வழிவழியாக வருவது.
அதே சொல்லை மலாய்க்காரர்கள்
மறுமைக்கும் வைத்திருக்கிறார்கள்.
இரண்டுக்கும் நடுவே என் மகன்
நீல விளக்கின் கீழே, கண்ணைக் கட்டிக்கொண்டு,
பத்து பெரிங்கியில் வெயில் காயும்
வெள்ளைக்காரனைப் போல் கிடந்தான்.
பெயர் வைக்கவில்லை இன்னும்.
கைப்பட்டியில் புஷ்பலீலாவின் குழந்தை என்றிருந்தது.
தேடிப் பார்த்தேன், என் பெயர் எங்குமில்லை.

தொழிற்சாலை வேனை ஓரம் கட்டிவிட்டு
நூலகத்துக்குள் நுழைந்தேன்.
மரபு பற்றிப் புத்தகம் வேண்டும் என்றேன்.
அந்தப் பெண் பணிவாக எடுத்துத் தந்தாள்:
மரபுக் கவிதைகள்,
மரபுத்தொடர் விளக்கம், ஆண்டு நான்கு முதல் ஆறு வரை.
இல்லை, ரத்தத்தில் வருமே, அந்த மரபு.
அவள் யோசித்தாள். ஜோதிட அலமாரியைக் காட்டினாள்.

சௌராஸ்தா சந்தை மாடியில்
பழைய புத்தகக் கடை நைனா முகம்மதுவிடம்
பாதி தமிழிலும் பாதி மலாயிலும் கேட்டேன்.
உயிரியல், ஐந்தாம் படிவம்,
அட்டை இல்லை, ஆறு வெள்ளி,
நாலரைக்குத் தந்தார்.
நூற்று எழுபதாம் பக்கத்தில் நான்கு கட்டம்.
யாரோ ஒரு மாணவி பென்சிலில் நிரப்பி,
அழித்து, மறுபடி நிரப்பி,
ஓரத்தில் ஒரு பூனையும் வரைந்திருந்தாள்.

வேனுக்குள் உட்கார்ந்து
சம்பளச் சீட்டின் பின்பக்கம் நானும் கட்டம் போட்டேன்.
நாலு நம்பர் எழுதிப் பழகிய கை.
மேலே நான், பக்கவாட்டில் புஷ்பா.
மகளுக்கு என்னிடமிருந்து ஒரு எக்ஸ்.
மகனுக்கு ஒரு ஒய்,
அந்தக் குட்டைக் குரோமோசோம் மட்டும்.
இந்தக் குறை ஏறி வந்த வண்டி
என் வண்டி இல்லை.
மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
மூன்று முறையும் நான் தப்பித்தேன்.

வெட்கமாக இருந்தது, அந்த நிம்மதி.
அதைவிட, அம்மாவை நினைத்துப் பயமாக இருந்தது.
அவளுக்குப் பள்ளிக்கூடமே தெரியாது,
ஆனால் இந்த நான்கு கட்டத்தை
நான்கு தலைமுறைக்கும் பேசத் தெரியும்.
பக்கத்தைக் கிழிக்க விரலை வைத்தேன்.
பூனை என்னையே பார்த்தது.
மூலையை மட்டும் மடித்தேன்.

டிஸ்சார்ஜ் ஆன அன்றிரவு
பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு
புஷ்பா அந்த மடிப்பைப் பிரித்தாள்.
கட்டங்களின் மேல் விரலை ஓட்டினாள்.
இரண்டு பக்கம் படித்துவிட்டுச் சொன்னாள்:
"இதைத்தான் நாலாம் ஆண்டுலயே
மனப்பாடம் பண்ண வச்சாங்களே,
தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்கப்பாவுக்கு மலேரியா மாத்திரை போட்டப்ப
கண்ணு மஞ்சளாச்சு, மூத்திரம் கோப்பி மாதிரி போச்சு.
செய்வினைன்னு சொல்லி சேவல் அறுத்தாங்க."
புத்தகத்தை மூடினாள்.
"சீருன்னு ஒண்ணும் கொண்டு வரலன்னு
உங்கம்மா சொல்லிட்டே இருப்பாங்கல்ல?
கொண்டாந்திருக்கேன், சொல்லிருங்க."

சிரித்தாளா என்று இருட்டில் தெரியவில்லை.

பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து
சேலைகளை ஒவ்வொன்றாக உதறினாள்.
வெள்ளை உருண்டைகள் சிமெண்டுத் தரையில்
திசைக்கொன்றாய் ஓடின.
முட்டி போட்டுத் தேடினேன்.
பதினொன்று போட்டதாக அவளுக்கு ஞாபகம்.
பத்துதான் கிடைத்தது.
டார்ச்சைக் கட்டிலுக்கடியில் பிடித்தபடி
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.