இரண்டு முறை வரும் இரண்டரை

பிர்னோவில் இன்றிரவுக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.
மூன்றைத் தொடப் போகும் கடிகாரத்தைச் சட்டம்
தோளைப் பிடித்து இரண்டுக்குத் திருப்பும்.
ஊர் உறங்கும். உபரியாய் வந்த மணியை
ஒருவரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள்.
நான் எண்ண வேண்டும்.

போன அக்டோபரில் எண்ணாமல் விட்டதில்
இரண்டரைக்கு ஓட வேண்டிய ஒரு பணி
இரண்டரை வந்த இரண்டு முறையும் ஓடியது.
விடியும்போது மருத்துவமனைச் சமையற்கட்டின் வாசலில்
மூவாயிரத்து இருநூறு ரொட்டிச் சுருள்கள்.
கேட்டது அதில் பாதி.
லுட்மிலா தொலைபேசியில் முதலில் சிரித்தாள்,
பிறகு சிரிக்கவில்லை.
பழைய ரொட்டியில் பிடித்த கொழுக்கட்டையை
வாரம் முழுக்கத் தின்றார்கள் நோயாளிகள்.

அதனால் இன்று பூஜ்ஜியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
எங்கள் மென்பொருளில் அதற்கு அதுதான் பெயர்.
நூறில் சம்பளம், இருநூறில் தண்ணீர் வரி,
முந்நூறில் டிராம் சீட்டு, நானூறில் மருத்துவமனை.
ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர்;
ஒரு வீட்டுத் தாளிப்பு அடுத்த வீட்டில் மணக்காது.
பூஜ்ஜியத்தில் மட்டும் எதுவும் ஓடுவதில்லை.
அடுப்பில்லாத வீடு,
எல்லா வீட்டுச் சாவியும் இங்கே ஒரே ஆணியில்.
யார் உள்ளே வரலாம், யார் எட்டிப் பார்க்க மட்டும்,
எந்த முகவர் எந்த இயந்திரத்தில் மூச்சுவிடுகிறார்,
எவர் அரை மணியாய்ப் பேச்சில்லை,
எல்லாம் இங்கிருந்துதான்.
தனியாய் நின்றால் மதிப்பில்லை என்று
பள்ளியில் சொன்னது வேறு பூஜ்ஜியத்தை.

ஒன்று ஐம்பது. வரிசைகளைப் பிடித்து நிறுத்தினேன்.
கையில் சும்மா கிடந்த நேரத்தில்
பயனர் பட்டியலைப் பெருக்கத் தொடங்கினேன்.
தணிக்கையிலிருந்து யிட்கா ப்ரோகோபோவா
மூன்று கடிதம் எழுதிவிட்டார்,
விட்டுப் போனவர்களின் பெயர்களை எடுங்கள் என்று.

வ்ரானா, பொஹுமில்.
கடைசியாய் உள்ளே வந்து ஆறு வருடம், நான்கு மாதம்.
நீக்கு என்பதில் விரல் வைத்ததும்
திரை மெல்லக் கனைத்தது:
இவர் பெயரில் நானூற்றுப் பன்னிரண்டு பணிகள் ஓடுகின்றன.

சம்பளம் அவர் பெயரில். தண்ணீர் வரி அவர் பெயரில்.
லுட்மிலாவின் ரொட்டி, இரட்டித்த ரொட்டியும்கூட,
அவர் பெயரில்.
ராத்திரிதோறும் பொஹுமில் வ்ரானா
நானூற்றுப் பன்னிரண்டு கதவுகளைத் தட்டுகிறார்.
திறக்கிறார்கள்.
அவருக்குத்தான் தெரியாது.

செத்துவிட்டார் என்று நினைப்பீர்கள்.
இல்லை, நாலாம் எண் டிராம் ஓட்டுகிறார்.
நான் சேர்ந்தபோது நாற்காலியில் அவர் சூடு ஆறியிருந்தது.
கண்ணுக்கு எதிரே ஏதாவது நகர வேண்டும் என்று
சொல்லிவிட்டுப் போனாராம்.
விரலை எடுத்தேன்.

முதல் இரண்டரை. வந்து நின்ற பணிகளை
வந்த வழியே அனுப்பினேன்.
மூன்று. உடனே இரண்டு.
பதிவேட்டில் பின்னால் பிறந்த வரி
முன்னால் பிறந்ததற்கு அக்கா ஆகிவிட்டது.
காபி இயந்திரத்தின் கடிகாரம் மட்டும்
யாருக்கும் கட்டுப்படாமல் மூன்று என்றே நின்றது.
அடுத்த இரண்டரைக்கு வரிசைகளைத் திறந்தேன்,
நானூறை மட்டும் உற்றுப் பார்த்தபடி.
ஆயிரத்து அறுநூறு. ஒரே ஒரு முறை.
நாற்காலியில் சாய்ந்தேன், முதுகு முறிந்தது போல.

ஐந்தே காலுக்கு ஹாவெல் வந்து என்னை மாற்றினார்.
வெளியே மூடுபனி, தண்டவாளம் மட்டும் ஈரமாய் மின்னியது.
நாலாம் எண்
நேரத்துக்கு முந்தி வந்துவிட்டதால்
கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.
கண்ணாடிக்கு அப்பால் அவர், வாயில் எதையோ மென்றபடி.
மணிக்கட்டில் ஆறு இருபது.
திருப்ப மறந்திருக்கிறார்.

சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன்,
கடிகாரத்தைப் பற்றியாவது.
பின்னால் ஒரு கிழவர் தள்ளினார்.
அட்டையைக் கருவியில் வைத்தேன். பீப் என்றது.
முந்நூறு,
அவர் பெயரில்.