எண்ணெய்த் துளை

போன ஜூனில், அபானோ கணவாய்க்குக் கீழே
ஒன்பதாவது வளைவில்
ஒரு கல் என் டெலிக்கா வேனின் வயிற்றைக் கிழித்தது.
பெரிய கல்லில்லை, ரொட்டி அளவுதான்.
இறங்கித் திரும்பிப் பார்த்தால்
வந்த வழியெல்லாம் கறுப்பாய் ஒரு கோடு,
மலையில் யாரோ கையெழுத்துப் போட்டதுபோல்.
ஏழு பேர் நடந்தே மேலே போனார்கள்.
கல்யாண கேக்கை இரு கையிலும் ஏந்திப் போனவள்
ஒரு வார்த்தை திட்டவில்லை.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே கவசம்.

கீழ் அல்வானியில் மூடிப்போன ஒயின் ஆலையின்
தொட்டித் தகடு, எடைக்கு வாங்கியது.
ஐந்து மில்லி தடிமன்,
ஒருபுறம் பச்சை பெயின்ட், மறுபுறம் பால்நிற எனாமல்.
இமேதா கிரைண்டரை வைத்ததும்
பொறியோடு ஒரு புளித்த வாடை எழுந்தது.
எந்தெந்த வருஷத்து அறுவடையோ
எரிந்து மூக்கில் ஏறியது.
"நல்லா இழு நாஸிப்ரோலா, இலவசம்" என்றான்.

ஜாக்கை நம்பாதே, மரக்கட்டை வை.
கட்டையையும் நம்பாதே.
பதினோரு வருஷமாய் ஓட்டுகிறேன்,
வண்டியின் அடிவயிற்றை
முகத்துக்கு ஒரு முழம் மேலே வைத்துப் பார்த்ததில்லை.
காய்ந்த சேறு, புல், ஆட்டு மயிர்,
ஆற்றைக் கடந்தபோது சொருகிக்கொண்ட ஒரு சுள்ளி.
ஜப்பானில் யாரோ ஒரு தொழிலாளி
மஞ்சள் மையில் இட்ட சரி என்ற குறி
இத்தனை நாளும் இருட்டில்
சரி, சரி என்றபடியே இருந்திருக்கிறது.

வாசலில் கோச்சா.
இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு வேலையில்லை என்று
யார் சொன்னது?
சூரியகாந்தி விதை கொறித்து, தோலைத் துப்பி,
"நாற்பது கிலோ கூடும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்."
"நீங்கள் ஏறினால் நூற்றிருபது" என்றேன்.
சிரித்தார்.
அடுத்த விதை.

ஐந்து போல்ட் சொன்னபடி உட்கார்ந்தன.
ஆறாவது ஓட்டை இரண்டு மில்லி தள்ளி நின்றது,
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.
அரத்தால் ராவி, கடப்பாரையால் நெம்பி,
இமேதாவின் மணிக்கட்டில் ரத்தம்,
என் கண்ணில் துரு.
ஆறு மணிக்கு இறுகியது.
படுத்தபடியே முஷ்டியால் தட்டினேன்.
காலித் தொட்டியின் சத்தம்
இன்னும் அதற்குள் இருந்தது.

அப்போதுதான் அந்த ஈ கேட்டது:
"எண்ணெய் எப்படி மாற்றுவாய்?"

இமேதா என்னைப் பார்த்தான்.
நான் தகட்டைப் பார்த்தேன்.
வடிகால் நட்டு அதற்குப் பின்னால் எங்கேயோ.
ஒன்றும் பேசாமல்
ஆறு போல்ட்டையும் கழற்றினோம்.
சம்பந்தி இந்த முறை உடனே வந்துவிட்டார்.

மறுநாள் காலை, உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம் வெட்டினான்.
மூடி போட்டுத் தரட்டுமா,
கல் பார்த்து அடித்தால் அங்கேதானே அடிக்கும், என்றான்.
வேண்டாம்.
ஒழுகினால் எனக்குத் தெரியட்டும்.
வெட்டி விழுந்த வட்டத்தைக் கோச்சா
விதைத் தோல் துப்ப என்று எடுத்துப் போனார்.

என் ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஒரு வளைவுக்கு எனக்குப் பாறை,
அடுத்ததற்குப் பள்ளத்தாக்கு, நேராக முழங்கைக்குக் கீழே.
கோச்சா சொன்னது சரி, வண்டிக்கு மூச்சு வாங்கியது.
ஒன்பதாவது வளைவில்
டங் என்று ஒன்று.
பின் சீட்டில் ஒருவர் சிலுவைக் குறி இட்டார்.
ஆட்டு மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கியவர்
வாயைக்கூட மூடவில்லை.

நிறுத்தினேன்.
பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து,
மூடுபனியில் குப்புறப் படுத்து,
துளைக்குள் விரல் விட்டேன்.

சூடு.
தூசி.
ஈரமில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் சிலுவைக்காரர்.
"ஒன்றுமில்லை" என்றேன்.
பனிக்குளிரில் இன்னும் கொஞ்ச நேரம்
விரலை அங்கேயே வைத்திருந்தேன்.