பன்னிரண்டாம் தேதி விழும் வாரம்

கூலிக்கு ஒரு மணி நேரமாவது வேலை பார்த்தீர்களா,
பன்னிரண்டாம் தேதி விழுந்த அந்த வாரத்தில்?
எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும்.
குரலில் இரக்கம் கூடாது, பதிலைக் கெடுத்துவிடும்
என்று பயிற்சியில் சொன்னார்கள்.

டொலீடோ. ஜனவரி. லக்ராஞ்ச் தெருவில்
பலகை அடித்த வீடுகளைத் தாண்டிப் போய்த் தட்டினேன்.
வெண்டல் கயெவ்ஸ்கி என் பூட்ஸைப் பார்த்து
"பனியைத் தட்டிவிட்டு வா" என்றார்.
கார்க் கண்ணாடி வளைக்கும் உலையில் இருபத்தாறு வருஷம்.
அக்டோபரில் உலையை அணைத்துவிட்டார்கள்.

முதல் கேள்விக்கு "இல்லை."
அவர் இல்லை என்றால்
முகம் தெரியாத இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்
அவர் வாயால் இல்லை என்கிறார்கள்.
மாதிரிக் கணக்கு அப்படி.
அதை அவரிடம் சொல்லவில்லை,
சோபா ஏற்கெனவே தொய்ந்திருந்தது.

கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா?
பிப்ரவரியில் ஆறு விண்ணப்பம்.
மார்ச்சில் ஒரு நேர்காணல்; கேள்வி கேட்ட பையன்
வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டானாம்,
அப்போதே தெரிந்துவிட்டதாம்.
ஏப்ரலில், "பேப்பரில் விளம்பரம் பார்த்தேன்."

பார்ப்பது தேடுவதாகாது.
வேறு ஏதாவது செய்தீர்களா என்று கேட்டுவிட்டு
விதி அனுமதிப்பதற்கு மேல் ஒரு நொடி காத்திருந்தேன்.
சமையலறையிலிருந்து லோரீன்,
"அவரை விடுங்களேன்" என்றாள்.
பொத்தானை அழுத்தினேன்.

மே முதல் வெள்ளி, காலை எட்டரை.
வேலையின்மை விகிதம் ஒரு தசமம் இறங்கியது.
டீவியில் டை கட்டியவர் சிரித்தார், பங்குகள் ஏறின.
வேலை கிடைத்தவன் மட்டுமா,
தேடி ஓய்ந்தவனும்
அந்தப் பின்னத்திலிருந்து இறங்கிப் போகிறான்,
மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள் குறைய.
மெலிந்ததை நலம் என்று வாசிக்கிறார்கள்.

பின்பக்கத்து அட்டவணையில் அவருக்கும் ஒரு வரி உண்டு:
மனம் தளர்ந்தவர்கள்.
எந்த அதிகாரி இந்த வார்த்தையை
அச்சுக்கு அனுப்பினாரோ.
பக்கத்தில் எண். ஆயிரங்களில்.

பிறகு எட்டு மாதம் அந்த வீட்டைத் தொடக் கூடாது,
அதுவும் விதி.
அதற்குள் என் வாரத்தை
இருபத்திரண்டு மணியாக நறுக்கினார்கள்.
முழுநேரம் வேண்டும், கிடைக்கவில்லை
என்றொரு கட்டம் என் படிவத்திலேயே இருக்கிறது.
என் கதவை இன்னும் யாரும் தட்டவில்லை.

மறு ஜனவரி.
ஒரு மணி நேரமாவது?
"எதிர்வீட்டு டூப்ரே அம்மாளின் பனியை வாரிப்போட்டேன்.
வேண்டாம் என்றேன், இருபது டாலரைத் திணித்துவிட்டாள்."
எவ்வளவு நேரம் ஆனது?
"முதுகு பிடிக்காமலிருந்தால் அரை மணி.
பிடித்துக்கொண்டது. ஒரு மணி."

அழுத்தினேன்.
திரையை எட்டிப் பார்த்தார். மறைக்க நேரமில்லை.

"லோரீன்! இங்கே வா,
எனக்கு வேலை கிடைத்துவிட்டது!"

அவள் வரவில்லை. அவர் வெகுநேரம் சிரித்தார்.
நான் வெளியேறியபோது
எதிர்வீட்டுப் படிகளைப் பார்த்தேன்.
இரண்டாயிரம் பேர் வாரியது போல
அவ்வளவு சுத்தம்.