ஏலம்

காலை ஐந்தரைக்குக் கம்பத்தில் கிளம்பும் என் ஜீப்.
எட்டுப் பேர் உட்காரும் வண்டி.
பதினாறு பேர் என்பது எங்கள் கணக்கு.
தூக்குச்சட்டிகள் கணக்கில் இல்லை.

இன்று பதினேழாவதாக ஏறியவர் சுருளிராசு,
மெட்டுச் செக்போஸ்ட்டில் எழுத்தர். பைக் நின்றுவிட்டதாம்.
நான் கியர் போடும்போதெல்லாம்
முழங்காலை ஒதுக்கிக்கொண்டே
நேற்றைய போராட்டத்தைச் சொல்லி வந்தார்.
பழைய ஓய்வூதியம் வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.
"சம்பளத்துல பத்துல ஒண்ணு பிடிக்கிறான்.
இருபது வருசமாப் பிடிக்கிறான்.
எங்க போகுது, எங்க வளருதுன்னு
ஒரு பேப்பர்ல காட்டச் சொல்லுங்க."

பின்னாலிருந்து பவுன்தாய்:
"பிடிக்கிறதுக்காவது உங்களுக்கு
மாசச் சம்பளம்னு ஒண்ணு இருக்கே சார்."

ஜீப்பே சிரித்தது.
முதல் வளைவில் எல்லோரும் ஒருபக்கம் சாய்ந்தோம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது.
"அரசாங்கம் என்ன ஆலமரமா,
ஆளாளுக்கு நிழலுக்கு ஒதுங்க?
உங்களுக்குக் கொடுக்கிறது யார் காசு?
இந்தம்மா சோப்பு வாங்குனாலும் வரி சார்.
அவங்கவங்க கடைசிக் காலத்துக்கு
அவங்கவங்கதான் எடுத்து வைக்கணும்.
எனக்கெல்லாம் இந்த வண்டிதான் பென்ஷன்."

"வண்டிக்கு வயசாகாதா?" என்றார்.

மேலிருந்து லாரி வந்தது நல்லதாய்ப் போயிற்று.

பவுன்தாய் முப்பத்தொரு வருசமாக மேலே போகிறாள்.
காய் எடுப்பது கேரளத்தில்,
படுத்து எழுவது தமிழ்நாட்டில்.
அங்கே நலநிதி ஆபீசில்
"கார்டு இவிடுத்தெ ஆணோ?" என்பார்கள்.
இங்கே முதியோர் பணத்துக்கு மனு போட்டால்
"மகன் இருக்கான்ல?"
இருக்கிறான், திருப்பூரில்,
இருபதாம் தேதிக்கு மேல்
அவளிடமே கடன் கேட்டுக்கொண்டு.

எஸ்டேட் பேரேட்டில் அவள் பவனதாயி.
ஆதாரில் பவுன்தாய். பேங்கில் பவுண்தாயி.
"மூணு பேருக்கும் சேர்த்து
நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன்."

அப்புறம் கொஞ்ச நேரம் இன்ஜின் மட்டும்.
ஐந்தாவது வளைவோ ஆறாவதோ,
அவள் மெதுவாகத்தான் கேட்டாள்:
"சேர்த்து வைக்கலேன்னு யார் சொன்னது?
வாரம் இருநூறு. நாலு வருசம்.
பகல்ல ஏலக்காடு, சாயந்திரம் ஏலச்சீட்டு.
ரெண்டுலயும் காய் எடுத்தது நான்,
காசு எடுத்தது வேற ஆளு."

சுருளிராசுவுக்கு மனசு கேட்கவில்லை.
போனை எடுத்துக் கணக்குப் போட்டார்.
"வாரம் இருநூறு, எட்டு வட்டி,
முப்பது வருசம் விடாமக் கட்டியிருந்தா
பதினோரு லட்சத்துச் சொச்சம்மா."

"அதை யார்கிட்டப் போய் வாங்கணும் சார்?"

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சீட்டுப் பிடித்தவன் பெயரை அவள் சொல்லவில்லை.
வண்டியில் ஒருத்தரும் சொல்லவில்லை.
பதினாறு பேரில் பதினொரு பேர் அவனிடம் கட்டியவர்கள்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் பக்கத்தில்
அவனைக் கூட்டிவந்து நிறுத்தியவன் நான்.
'நம்ம பயதான், நம்பிக் கட்டுங்க' என்றவன் நான்.
ஆளுக்கு நூறு ரூபாய் கமிஷன்.
அதில் வாங்கியதுதான்
என் கைக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருக்கும்
இந்த ஸ்டியரிங் உறை.

மெட்டில் மூடுபனி.
இந்த மாநிலம் முடியும் பலகையும்
அந்த மாநிலம் தொடங்கும் பலகையும்
இரண்டுமே தெரியவில்லை.
சுருளிராசு இறங்கிக் கட்டையைத் தானே தூக்கிவிட்டார்.
"இருபத்தஞ்சாம் தேதி மறியல் இருக்கு" என்றார்,
எங்களை வரச் சொன்னாரா
வண்டி ஓடாது என்றாரா தெரியவில்லை.

காட்டு வாசலில் பவுன்தாய்
வழக்கம்போல் முந்தானை முடிச்சை அவிழ்த்து
வண்டிக்கூலியை நீட்டினாள்.

இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
டீசல் முள்ளைப் பார்த்தேன்.
வாங்கிக்கொண்டேன்.
அவள் நின்றாள்,
மீதிச் சில்லறைக்கு.